கண் பேச்சு

பிப்ரவரி 3

அன்புத் தம்பிக்கு,

அக்கா எழுதுவது. இங்கே நான் சுகம். முழங்கால் மட்டும் மாடிப்படியைக் கண்டால் முறைத்துக்கொள்கிறது. உன் சுகமும் உன் வீட்டுக்காரியின் சுகமும் அறிய ஆசை. போனில் கேட்கலாம்தான். ஆனால் போனில் நாம் இரண்டு பேரும் "நல்லா இருக்கியா?", "இருக்கேன், நீ?", "இருக்கேன், வச்சிடட்டுமா?" என்பதைத் தாண்டியதே இல்லை. அதனால்தான் இந்தக் காகிதம்.

ஒரு சேதி. முப்பத்தைந்து வருஷம் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குப் பூந்தொட்டி வரையச் சொல்லிக்கொடுத்தவள் நான். வீட்டில் எனக்காக வரைந்ததை எல்லாம் உன் அத்தான் இருந்தவரை பேப்பரிலிருந்து தலையை எடுக்காமலே "நல்லாத்தான் இருக்கு" என்பார். அவர் போன பிறகு அதைச் சொல்லவும் ஆள் இல்லை. போன வாரம் மூன்று படங்களுக்குச் சட்டம் போடக் கொண்டு போனேன். அந்தக் கடைக்காரர் எந்தப் படத்தையும் நீளம், அகலம் என்று மட்டுமே பார்க்கிறவர். என் படத்தை அளக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார்.

"டீச்சர், இது கனவுல வந்ததா?"

படத்தில் பஸ் நிறுத்தம். ஐந்து பேர் நிற்கிறார்கள். பை, குடை, செருப்பின் வார் எல்லாம் அச்சாக இருக்கிறது. முகம் இருக்க வேண்டிய இடத்தில் மட்டும், கண்ணாடியில் மூச்சு விட்ட மாதிரி ஒரு மூட்டம். பின்னால் விளக்குக் கம்பம் நேராக நிற்காமல் நெளிகிறது. நான் "ஆமாம், கனவுதான்" என்று சொல்லிவிட்டேன். அப்படிச் சொன்னதில் அவருக்கு ரொம்பச் சந்தோஷம். கடை மாடியில் படம் மாட்டுகிற கூடம் வைத்திருக்கிறாராம். மே மாதம் இருபது படம் மாட்டலாம் என்கிறார். அறுபத்தோரு வயதில் எனக்கு வந்த யோகத்தைப் பார்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் அக்கா


பிப்ரவரி 21

அக்காவுக்கு,

தம்பி எழுதிக்கொள்வது. நாங்கள் இருவரும் நலம். இவளுக்குச் சளி, எனக்கு இவள். உன் முழங்காலுக்கு என் அனுதாபம்.

கடிதம் கிடைத்தது. அதைக் கடிதம் என்பதா, சுவரொட்டி என்பதா? ஒரு பக்கத்துக்கு ஏழு வரி! எழுத்து ஒவ்வொன்றும் தெருவுக்கு அந்தப் பக்கத்திலிருந்து படிக்கலாம் போல இருக்கிறது. வரியெல்லாம் வேறு மலை ஏறுகிறது. "ஓவியர் ஆனதும் எழுத்துக்குக்கூட கெத்து வந்துடுச்சு" என்கிறாள் இவள்.

எனக்குத் தலைக்கு மேல் வேலை. கண்ணாஸ்பத்திரி அடித்தளத்தில் அதே பட்டறை, அதே மெருகு போடும் சக்கரம், அதே ஜன்னல் இல்லாத சுவர். இந்த மாதம் மட்டும் பதினொரு செயற்கைக் கண் செய்தேன். வெள்ளை வில்லையில் கருவிழியை வரைந்து, சிவப்புப் பட்டு நூலை மயிரிழையாகப் பிரித்து நரம்பாக ஒட்டி, மேலே கண்ணாடி போல ஒரு பூச்சு. நீ முழு மனுஷனை வரைகிறாய். நான் பட்டாணி அளவு வட்டத்தை வரைகிறேன். ஒரு லாரி டிரைவர் வந்தார். "சார், கொஞ்சம் கோபமான கண்ணா செஞ்சு குடுங்க, கிளீனர் பயப்படணும்" என்றார். "கோபம் கண்ணுல இல்லீங்க, புருவத்துல" என்றேன். நம்பவில்லை.

முகமில்லாத ஆட்களை ஏன் வரைகிறாய்? மூக்கு வரைய வரவில்லை என்றால் சொல், நான் வந்து கற்றுத் தருகிறேன். விளையாட்டுக்குச் சொன்னேன். மே மாதம் வர முடியுமா என்று பார்க்கிறேன்.

இப்படிக்கு,
தம்பி


மார்ச் 16

அன்புத் தம்பிக்கு,

நலம். நீ நலமா? அவளுக்குச் சளி விட்டதா?

உன் கிண்டலை எதிர்வீட்டம்மாவிடம் சொன்னேன். தபாலாபீசில் முப்பது வருஷம் முத்திரை குத்தியவர், நான் "தபாலம்மா" என்றுதான் கூப்பிடுவேன். "பெரிய எழுத்துன்னா என்ன, முகவரி தெளிவா இருந்தா சரி" என்றார்.

படம் மளமளவென்று வருகிறது. இத்தனை வருஷத்தில் இப்படி வந்ததே இல்லை. முடிவெட்டும் கடை ஒன்று வரைந்தேன். கண்ணாடிக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறவருக்குத் தோளுக்கு மேல் ஒன்றும் இல்லை. முடிவெட்டுகிறவர் அந்த ஒன்றுமில்லாததைச் சுற்றி ரொம்பக் கவனமாகக் கத்தரிக்கிறார். இன்னொன்றில் ஜன்னல் விளிம்பில் தம்ளர் உயரத்துக்கு மனிதர்கள். நீளத் தொப்பி, பூப்போட்ட அங்கி. வரிசையாக நடந்து போகிறார்கள். ஒருவர்கூடத் திரும்பிப் பார்ப்பதில்லை. வாயும் திறப்பதில்லை. சட்டக் கடைக்காரர் இதைப் பார்த்துவிட்டு உட்கார்ந்தேவிட்டார்.

"எங்கிருந்து டீச்சர் உங்களுக்கு இதெல்லாம் தோணுது?"

எனக்குத் தோன்றவில்லை, வருகிறது என்றேன். அவர் அதை ஒரு தாளில் குறித்துக்கொண்டார்.

தம்பி, உன்னிடம் ஒன்று கேட்க வேண்டும். கண் சம்பந்தமாக. நாலைந்து மாதமாகக் கேட்க நினைத்துக் கை வராமல் தள்ளிப்போடுகிறேன். உன்னிடம் கேட்க எனக்கு என்ன முகம் இருக்கிறது என்றும் தோன்றுகிறது. நீ கோபித்துக்கொள்ள மாட்டாய் என்றால் ஒரு வரி போடு. எழுதுகிறேன். கொஞ்சம் சீக்கிரம் போட்டால் நல்லது.

உன் அக்கா


ஜூன் 2

அக்காவுக்கு,

நலம். நலமறிய ஆவல்.

பதில் போடத் தாமதமாகிவிட்டது. வேலை. மே மாதம் வரவும் முடியவில்லை.

நேராகவே சொல்லிவிடுகிறேன். கண் பேச்சு நமக்குள் வேண்டாம்.

எனக்கு ஆறு வயது, உனக்குப் பதிமூன்று. என்னை உட்காரவைத்துப் படம் வரைந்தாய். நான் அசைந்தேன். "அசையாதேன்னு சொன்னேன்ல!" என்று கை ஓங்கினாய். பென்சில் சீவிய கத்தி அந்தக் கையில் இருந்தது உனக்கு ஞாபகம் இல்லை. அவ்வளவுதான் நடந்தது. நாற்பத்தெட்டு வருஷம் ஆகிவிட்டது. ஆனால் என் கல்யாணத்தில், அப்பா போனபோது, எனக்கு வேலை கிடைத்தபோது, வருஷத்துக்கு ஒரு முறையாவது நீ ஆரம்பிப்பாய். "உங்கிட்ட ஒண்ணு கேக்கணும்டா, என்னை மன்னிச்சிட்டியா?" நீ அழுவாய், நான் தேற்றுவேன். கண் போனவன் நான். ஆறுதல் சொல்கிறவனும் நானேதானா?

இந்தத் தடவை என்னால் முடியாது. அந்தப் பேச்சை இனி எடுக்காதே. எடுத்தால் பதில் போட மாட்டேன்.

படக்காட்சி நன்றாக நடந்திருக்கும் என்று நம்புகிறேன்.

தம்பி


ஜூன் 20

அன்புத் தம்பிக்கு,

நலம். இருவரும் நலம்தானே?

நீ சொன்னது சரி. இனி அந்தப் பேச்சு இல்லை.

படக்காட்சி நன்றாக நடந்தது. கூடம் நிறையச் செருப்புச் சத்தம். ஒரு பெண் முடிவெட்டும் கடைப் படத்துக்கு முன்னால் நின்று விசும்பினாள், தபாலம்மா போய்த் தண்ணீர் கொடுத்தார். பத்திரிகையில் நாலு பத்தி வந்திருக்கிறது. "கனவையும் நனவையும் பிரிக்கும் கோட்டை அழிக்கிறார்" என்று போட்டிருப்பதாகத் தபாலம்மா வாசித்துக் காட்டினார். பதினாறு படம் போய்விட்டது. யார் யார் வாங்கினார்கள் என்று எனக்குத் தெரியவில்லை. எல்லாரும் கையைப் பிடித்துக்கொண்டார்கள்.

அதிகம் எழுதக் கை ஓடவில்லை. உடம்பைக் கவனி.

அக்கா


ஜூலை 10

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் நலம். உன் கடிதம் பார்த்து எனக்கும் நலம்.

போன கடிதத்தில் கொஞ்சம் முறுக்கிக்கொண்டேன். தபாலில் போட்டுவிட்டு வந்து இவளிடம் சொன்னேன். "வயசுல மூத்தவங்ககிட்ட இப்படியா எழுதுவாங்க? உங்களுக்குக் கண்ணு ஒண்ணு போனதோட புத்தியும் பாதி போச்சு" என்றாள். ஒரு வாரம் எனக்குச் சாப்பாடு உப்பில்லாமல்தான் வந்தது. நீ பெரிய மனது பண்ணிச் சரி என்று எழுதிவிட்டாய். நன்றி. இனி நாம் மற்றதை எல்லாம் பேசலாம்.

பத்திரிகைத் துண்டை அனுப்பு. பட்டறைச் சுவருக்கு ஒரு படமும் வேண்டும். முகமில்லாதது வேண்டாம், என்னிடம் வருகிறவர்கள் ஏற்கெனவே பயந்து போய் வருகிறார்கள். அந்தத் தொப்பிக்காரக் குள்ளர்கள் இருந்தால் கொடு. ரொம்ப வேடிக்கையான கற்பனை அது. உனக்கு இவ்வளவு குறும்பு உண்டு என்று எனக்குத் தெரியாது.

புதிதாக என்ன வரைகிறாய்?

தம்பி


ஆகஸ்ட் 12

அன்புத் தம்பிக்கு,

நலம், நலமறிய ஆவல்.

எழுத்து வேறாக இருக்கிறதே என்று பார்க்காதே. கை மணிக்கட்டில் சுளுக்கு. நான் சொல்ல, தபாலம்மா எழுதுகிறார். தொப்பிக்காரர்கள் படத்தை உனக்கென்று எடுத்து வைத்திருக்கிறேன். சட்டம் போட்டதும் வரும்.

புதிதாக ஒன்றும் வரையவில்லை. சுளுக்குதான் காரணம்.

அக்கா


செப்டம்பர் 1

அன்புள்ள தம்பிக்கு,

வணக்கம். உங்களை நான் பார்த்ததில்லை. எதிர்வீட்டுக்காரி எழுதுகிறேன். முப்பது வருஷம் அடுத்தவர் கடிதத்தைப் பிரித்துப் பார்க்காமல் வேலை செய்தவள் நான். இப்போது உங்கள் அக்காவுக்குத் தெரியாமல் எழுதுகிறேன். இதற்கு எனக்கு என்ன தண்டனையோ, வரட்டும்.

அவர் மணிக்கட்டில் சுளுக்கு இல்லை. அவருக்குக் கண் தெரியவில்லை.

எனக்கே போன மாதம்தான் தெரிந்தது. காபி குடிக்கக் கூப்பிட்டார். தம்ளருக்குப் பக்கத்தில் மேஜையில் ஊற்றினார், ஊற்றிக்கொண்டே இருந்தார். "டீச்சர், என்ன இது?" என்றேன். பாத்திரத்தைக் கீழே வைத்தார். பிறகு, "நீங்க நேரா நின்னா எனக்கு நீங்க இல்லை. கொஞ்சம் தள்ளி நில்லுங்க, அப்பத்தான் ஓரத்துல தெரிவீங்க" என்றார். கதவில் தொங்கிய மழைக்கோட்டைப் பார்த்து "வாங்க" என்று அவர் சொன்னதை நான் விளையாட்டு என்று நினைத்திருந்தேன். எனக்கு எங்கே போனது புத்தி?

மறுநாளே கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு டாக்டரிடம் போனேன். பார்வையின் நடுப்பகுதி போய்விட்டது என்றார். வலது கண்ணில் போன வருஷக் கடைசியில் ஆரம்பித்திருக்கிறது. பிறகு இடது கண். டாக்டர் கேட்டார், "ஏம்மா, மார்ச் மாசம் வந்திருந்தாக்கூட இடது கண்ணை ஊசி போட்டே நிறுத்தியிருக்கலாமே, இவ்வளவு நாள் என்ன பண்ணீங்க?" உங்கள் அக்கா, "படம் வரைஞ்சிட்டிருந்தேன்" என்றார்.

தம்பி, அந்தப் படங்கள் கனவு இல்லை. கண்ணுக்கு எப்படித் தெரிந்ததோ அப்படியே வரைந்திருக்கிறார். பஸ் நிறுத்தத்தில் நின்றவர்களுக்கு முகம் தெரியவில்லை, அதனால் முகம் வைக்கவில்லை. கம்பம் வளைந்து தெரிந்தது, வளைத்து வரைந்தார். அந்தத் தொப்பிக்காரர்களும் நிஜமாகவே அவர் ஜன்னலில் நடக்கிறார்களாம். பைத்தியம் என்று சொல்லிவிடுவார்களோ என்று யாரிடமும் சொல்லவில்லை. கண் அனுப்பாததை மூளை தானே வரைந்து காட்டும், இது பைத்தியம் இல்லை என்று டாக்டர் சொன்னதும்தான் பெருமூச்சு விட்டார்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் கேட்டேன். "உங்க தம்பி கண்ணாஸ்பத்திரியிலதானே இருக்கார்? அவர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே?" "மார்ச்ல கேட்டேன், வேண்டாம்னுட்டான். அவன் சொன்னதுலயும் நியாயம் இருக்கு" என்றார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. உங்களுக்குப் புரியும் என்று நினைக்கிறேன்.

கண் கெட்ட பிறகு என்று ஒரு பழமொழி உண்டு. அதைச் சொல்ல இப்போது நாக்கு கூசுகிறது. முடிந்தால் வாருங்கள்.

இப்படிக்கு,
எதிர்வீட்டுக்காரி


அக்டோபர் 18

அக்கா,

பத்திரமாக வந்து சேர்ந்தேன். நலமா என்று கேட்க இந்தத் தடவை வாய் வரவில்லை. இதைப் படித்துக் காட்டும் அம்மாவுக்கு என் வணக்கம். மற்றவர் முன்னால் சொல்லக் கூடாதவை இதில் இருக்கின்றன. ஆனால் சொல்ல வேறு வழியை நானே அடைத்துவிட்டேன். அதனால் அம்மா, தயவுசெய்து ஒரு வரியும் விடாமல் படியுங்கள்.

ஆறு நாள் உன்னோடு இருந்தேன். இரண்டு ஆஸ்பத்திரிக்குப் போனோம். இரண்டு இடத்திலும் ஒரே பதில். வழியெல்லாம் நீ என்னைச் சிரிக்க வைக்கப் பார்த்தாய். "ஒரு வசதிடா, பிடிக்காதவங்க எதிர்ல வந்தா நேராப் பார்த்தாப் போதும், காணாமப் போயிடுவாங்க." நானும் சிரித்தேன். குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுதேன்.

நாலாம் நாள் நீ தூங்கும்போது நான் அந்தச் சட்டக் கடைக்குப் போனதை உன்னிடம் சொல்லவில்லை. மாடியில் நாலு படம் மிச்சம் இருந்தது. "கனவு காண்றதுல உங்க அக்காவை மிஞ்ச ஆளில்ல சார்" என்றார் அவர். பஸ் நிறுத்தம் படத்துக்கு முன்னால் நான் நின்றேன். எங்கள் ஆஸ்பத்திரியில் மாடிப்படி முனையில் கட்டம் போட்ட ஓர் அட்டை தொங்குகிறது. கோடு வளைந்து தெரிகிறதா, நடுவில் மூட்டமாக இருக்கிறதா என்று வருகிறவர்களைக் கேட்பதற்கு. பத்தொன்பது வருஷமாகத் தினமும் அதைத் தாண்டித்தான் என் பட்டறைக்கு இறங்குகிறேன். நெளிகிற கம்பம், மூட்டமான முகம் என்று பிப்ரவரியிலேயே நீ எனக்கு எல்லாவற்றையும் எழுதிவிட்டாய். நான் உன் எழுத்து பெரிதாக இருக்கிறது என்று கேலி செய்தேன்.

மார்ச்சில் நீ கேட்டாய். அந்தக் கடிதத்தை இரண்டரை மாதம் மேஜை டிராயரில் போட்டு வைத்திருந்தேன். வேலை என்று எழுதியது பொய். "மன்னிச்சிட்டியா" என்று மறுபடியும் ஆரம்பிக்கப்போகிறாள் என்று கோபம். கொஞ்சம் காத்திருக்கட்டும் என்று வைத்திருந்தேன். அந்த இரண்டரை மாதத்தில்தான் இடது கண் போயிருக்கிறது. டாக்டரிடம் தேதி கேட்டுத் தெரிந்துகொண்டேன். தெரியாமல் இருந்திருக்கலாம்.

நீ இங்கே வந்துவிடு. கீழ் அறையைக் காலி செய்தாயிற்று. ஜன்னலுக்குத் திரை போட்டது இவள். இவளும் கெஞ்சிக் கேட்கிறாள்.

தம்பி


நவம்பர் 9

அன்புத் தம்பிக்கு,

நான் சுகம். நீ சுகமாக இரு. நான் சொல்ல, தபாலம்மா எழுதுகிறார். நடுநடுவே மூக்கை உறிஞ்சுகிறார். அதையெல்லாம் எழுதாதீர்கள் என்றால் அதையும் எழுதுகிறார்.

உன் கடிதத்தை மூன்று தடவை படிக்கச் சொன்னேன். தம்பி, பழி முழுவதையும் நீயே மூட்டை கட்டித் தூக்கிக்கொண்டு போகாதே. நீ பதில் போடவில்லை என்றால் இந்த ஊரில் டாக்டரே இல்லையா? பஸ் ஏறினால் இருபது நிமிஷம். நான் போகவில்லை.

ஏன் என்று உண்மையைச் சொல்கிறேன். முப்பத்தைந்து வருஷம் எல்லாருக்கும் நல்ல கண் இருந்தது. எனக்கும் இருந்தது. கண்டதை அப்படியே வரைந்தேன், ஒருவரும் நின்று பார்க்கவில்லை. கண் கெட ஆரம்பித்த பிறகு கண்டதை வரைந்தேன், அழுதார்கள். டாக்டரிடம் போனால் கோடெல்லாம் நேராகிவிடும், முகமெல்லாம் திரும்பி வந்துவிடும், மறுபடியும் நான் பூந்தொட்டி டீச்சர்தான் என்று பயந்தேன். அசட்டுத்தனம்தான். ஆனால் அந்த நாலு மாதம் நான் இருந்த இருப்பு என் ஆயுசுக்கும் இருந்ததில்லை.

அப்புறம் உன் ஜூன் கடிதம் வந்தது. பூதக்கண்ணாடியை வைத்துக்கொண்டு, பக்கவாட்டில் ஓரெழுத்து ஓரெழுத்தாகப் படித்தேன். அரை நாள் ஆனது. படித்து முடித்ததும் எனக்குக் கோபம் வரவில்லை. சரி, இதுதான் நியாயம், அவன் கண்ணுக்கு என் கண் சரியாய்ப் போயிற்று என்று தோன்றியது. மனதில் பாரம் குறைந்த மாதிரிகூட இருந்தது.

அங்கே வரவில்லை, மன்னித்துக்கொள். இந்த வீட்டில் சுவிட்சு எங்கே, அலமாரி முனை எங்கே என்று என் கைக்குத் தெரியும். அவளிடம் கோபிக்க வேண்டாம் என்று சொல்.

அக்கா


நவம்பர் 28

அக்கா,

நாங்கள் இருக்கிறோம். நீ எப்படி இருக்கிறாய்?

"சரியாய்ப் போயிற்று" என்ற வரியைப் படித்ததும் நான் கடிதத்தை இவள் கையில் கொடுத்துவிட்டுத் தெருவில் இறங்கி நடந்தேன். எவ்வளவு தூரம் போனேன் என்று தெரியாது.

என் கண்ணுக்கு உன் கண் வேண்டும் என்று நான் எந்த நாளும் நினைத்ததில்லை. எனக்குக் கோபம் இருந்தது உண்மை. அது எதற்கு என்று எனக்கே இப்போதுதான் தெரிகிறது. கத்தி படும்வரைக்கும் நீ என்னைத் திட்டுவாய், தலையில் குட்டுவாய், என் பங்கு மிட்டாயையும் தின்றுவிட்டு வாயைத் துடைத்துக்கொள்வாய். அதற்குப் பிறகு எல்லா மிட்டாயும் எனக்கே. ஒரு தடவைகூட நீ என்னைத் திட்டவில்லை. வேண்டுமென்றே உன் வண்ணப் பெட்டியைக் கீழே போட்டு உடைத்தேன், ஞாபகம் இருக்கிறதா? அப்போதும் "பரவாயில்லடா" என்றாய். அன்றைக்கு நான் மொட்டைமாடிக்குப் போய் அழுதேன். எனக்குப் போனது ஒரு கண் மட்டும் இல்லை. என் அக்காவும்தான்.

இதைத்தான் நான் சொல்லாமல் வைத்திருந்தேன். அதற்கு மன்னிப்பு என்று பேர் வைத்து நீ வருஷா வருஷம் கேட்டுக்கொண்டிருந்தாய்.

தம்பி


ஜனவரி 6

தம்பி,

சுகமா இரு. இதை நானே எழுதுகிறேன். தபாலம்மா அவர் மகள் வீட்டுக்குப் போயிருக்கிறார், முகவரி மட்டும் முன்னாலேயே எழுதிக் கொடுத்துவிட்டார். காகிதத்தின் மேல் அளவுகோலை வைத்து, ஒவ்வொரு வரிக்கும் விரலால் தள்ளித் தள்ளி எழுதுகிறேன். வரிமேல் வரி ஏறியிருந்தால் ஏறிவிட்டுப் போகட்டும். நீ படித்துவிடுவாய்.

உன் கடிதத்துக்குப் பதில் எழுத இத்தனை நாள் ஆயிற்று. நீ எழுதியதைத் தபாலம்மா படித்து முடித்ததும் "பாவம் அந்தப் பிள்ளை" என்றார். ஐம்பத்து நாலு வயதுப் பிள்ளை. வண்ணப் பெட்டி எனக்கு ஞாபகம் இருக்கிறது. அன்றைக்கு உன்னை நாலு சாத்துச் சாத்த வேண்டும் என்று கை துடித்தது. அந்தக் கையைப் பார்த்துத்தான் எனக்குப் பயம்.

தொப்பிக்காரர்கள் வருவதை நிறுத்திவிட்டார்கள். முதலில் ஆள் குறைந்தது, பிறகு ஒருவர் மட்டும் வந்தார், பன்னிரண்டு நாளாக அவரும் இல்லை. டாக்டரிடம் கேட்டதற்கு, நல்லதுதான், மூளைக்குப் பழகிவிட்டது என்றார். எனக்கு வீடு காலியான மாதிரி இருக்கிறது. சட்டக் கடைக்காரர் அடுத்த காட்சிக்குப் படம் கேட்டு வந்தார். உட்காரச் சொல்லி, கனவு இல்லை என்று எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். போகும்போது, "அப்ப நான்தான் டீச்சர் சரியாப் பார்க்கலை" என்றார். நல்ல மனிதர். வண்ணக் குழாய்களை எல்லாம் என் பழைய பள்ளிக்கூடத்துக்குக் கொடுத்து அனுப்பிவிட்டேன்.

அக்டோபரில் நீ வந்திருந்தபோது, இனிமேல் எதையும் ஓரக்கண்ணால் பார்க்கப் பழகிக்கொள்ளுங்கள் என்று டாக்டர் சொன்னார் இல்லையா? நீ அப்போது என் தோளைத் தட்டிக் கொடுத்தாய். உன்னைப் பொறுத்தவரையில் எனக்கு அது புதுப் பழக்கம் இல்லை. கத்தி பட்ட அன்றிலிருந்து நான் உன் முகத்தை நேராகப் பார்த்ததில்லை. உன் சட்டைப் பித்தானைப் பார்ப்பேன், காதைப் பார்ப்பேன், கல்யாணத்தில்கூட மாலையைத்தான் பார்த்தேன். நீ வளர்ந்தது, உனக்கு மீசை வந்தது, நரைத்தது எல்லாம் எனக்கு ஓரத்தில் கேள்விப்பட்ட சேதி மாதிரி. இப்போது உட்கார்ந்து உன் முகத்தை நினைத்துப் பார்க்கிறேன். ஆறு வயது வரைக்கும் வருகிறது. அதற்குமேல் வர மறுக்கிறது.

நாற்பத்தெட்டு வருஷம் எனக்கு நல்ல பார்வை இருந்ததடா. நான் உன்னைப் பார்க்கவில்லை. இப்போது பார்க்க வேண்டும் போல இருக்கிறது.

அக்கா